சும்மா நடக்க வந்தோம்

கலியாணம் முடித்து அப்போது நாலைந்து மாதம் இருக்கும். ஹெந்தளையில் பஸ்ஸை விட்டு இறங்கி, தேவாலய மதிலோடு போகிற ஒழுங்கையால் நடந்து, வாய்க்கால் கரையில் ஏறினோம். இவர் முன்னால், நான் பின்னால். அவருடைய வெள்ளைச் சேட்டின் முதுகில் பஸ் இருக்கையின் மடிப்புகள் அப்படியே பதிந்திருந்தன. அதைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

இந்த மனிசனின் முகத்தைவிட முதுகுதான் எனக்குப் பழக்கம் என்று அப்போது நினைத்தது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. காலையில் வேலைக்குப் போகும்போது முதுகு. பஸ்ஸுக்கு ஓடும்போது முதுகு. வீட்டில் மற்ற ஆண்களோடு இருந்து ரேடியோவில் செய்தி கேட்கும்போதும் முதுகு.

ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து, வெள்ளை உடுப்போடு சனம் கலைந்து போய்க்கொண்டிருந்தது. வாய்க்கால் அடிமட்டம் வைத்துக் கீறிய கோடு மாதிரி நேராக வடக்கே போனது. தண்ணீர் பால் விடாத தேநீரின் நிறம். இரண்டு கரையிலும் தென்னைகள் தண்ணீரை எட்டிப் பார்த்தபடி நின்றன. கரையோடு, ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்தில் மணல் பாதை. ஏற்றமில்லை, இறக்கமில்லை. சேறு, உப்பு, ஊறப்போட்ட தேங்காய் மட்டை, எந்த வீட்டிலோ பொரிக்கிற இறால், எல்லாம் கலந்த ஒரு மணம்.

ஒல்லாந்தர் காலத்திலேயே இந்தப் பக்கம் வாய்க்கால் வெட்டிக் கறுவாப்பட்டை ஏற்றினார்கள் என்று சொல்வார்கள். பிறகு வந்த வெள்ளைக்காரன் தன் பங்குக்கும் வெட்டி, தங்கள் ஆள் ஒருவரின் பெயரையும் வைத்துவிட்டுப் போனான். சனம் இரண்டு பேரையும் பொருட்படுத்தவில்லை. ‘கெனல்’ என்று சொன்னால் போதும், பஸ் கொண்டக்டர் இறக்கிவிடுவார்.

கறுவா ஏற்றிய வாய்க்காலுக்கும் எங்கள் குடும்ப வாழ்க்கைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அதைச் சொல்ல, முதலில் வெள்ளவத்தை வீட்டைச் சொல்ல வேண்டும்.

பதினொரு பேர்

சென்ற கிழமை இந்தப் பத்தியில், கொட்டாஞ்சேனையில் நான் இருந்த வாடகை அறையைப் பற்றி எழுதியிருந்தேன். கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் எனக்குத் தட்டச்சு வேலை. வேலைக்குப் போகிற நாலு பெண்கள் அந்த ஒரே அறையில் இருந்தோம். கலியாணம் முடித்து நான் வெளிக்கிட்டபோது, “இனி உனக்கெண்டு ஒரு இடம்” என்று சொல்லித்தான் மற்ற மூன்று பேரும் அனுப்பிவைத்தார்கள்.

எனக்கென்று கிடைத்த இடம், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் இருந்தது. இரண்டு அறை, ஒரு ஹோல், கையை நீட்டினால் பக்கத்து வீட்டு யன்னலில் முட்டுகிற ஒரு பல்கனி. என் மாமியார், இவருடைய அக்கா, அக்காவின் கணவர், அவர்களின் மூன்று பிள்ளைகள் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். இருந்தும் ஓர் அறையை முழுக்க எங்களுக்கு விட்டுத் தந்தார்கள். அந்த ஏற்பாடு இரண்டு கிழமை நீடித்தது.

பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைக்குக் கப்பல் வந்தது. சண்டையால் ரோட்டுப் பாதை மூடிக் கிடந்த காலம், கப்பல் வந்தால் கொழும்பில் எல்லா வீட்டிலும் பாய் வாங்குவார்கள். எங்கள் வீட்டுக்கு மாமியின் தங்கச்சியும் அவவின் கணவரும் மகளும் வந்து சேர்ந்தார்கள். கனடாவுக்குப் போகிற வழியில் வந்தவர்கள். கனடா அவர்களை உடனே கூப்பிடவில்லை.

பெண்கள் எல்லோரும் அறைகளில், ஆண்கள் எல்லோரும் ஹோலில் என்று படுக்கை மாறியது. இதை யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. பாய்கள் தாமாகவே அப்படி விரிந்தன.

ஒருவரிலும் குற்றமில்லை. நல்ல சனம். எனக்குத் தலையிடி என்றால் நாலு பேர் மல்லி அவித்துக்கொண்டு வருவார்கள். ஆனால் நானும் இவரும் தனியாக ஒரு வசனம் பேசிக்கொள்ள அந்த வீட்டில் இடம் இருக்கவில்லை. இவர் இயல்பிலேயே குறைவாகக் கதைப்பவர். கட்டடங்களுக்கு வரைபடம் கீறுகிற வேலை. பென்சிலும் அடிமட்டமுமாக ஒரு நாள் முழுக்க வாய் திறக்காமல் இருந்து பழகியவர். “சோறு போதுமோ?” “ஓம்.” “பஸ் பிந்திட்டுதோ?” “ஓம்.” பதினொரு பேருக்கு நடுவில் எங்கள் தாம்பத்தியம் இவ்வளவில் நடந்துகொண்டிருந்தது.

எனக்குள் ஒரு பயம் மெல்லப் பிடித்தது. பேசிச் செய்த கலியாணம். இரண்டு பேருக்கும் முப்பது தாண்டியிருந்தது. அம்மாவும் அக்காவும் சொன்னார்கள் என்று சும்மா தலையாட்டியிருப்பாரோ? விருப்பமில்லாமல்தான் இப்படி வாய்மூடி இருக்கிறாரோ? கேட்க வேண்டிய ஆள் ஒரே கூரையின் கீழ் இருந்தார். கேட்கத்தான் வழியில்லை. இதை நினைத்துக்கொண்டு கந்தோரில் கடிதங்களைப் பிழை பிழையாக அடித்தேன். துரை ஒரு நாள் கூப்பிட்டு, சிங்கப்பூருக்குப் போக வேண்டிய கப்பலை நான் ஏன் சூரிச்சுக்கு அனுப்பியிருக்கிறேன் என்று கேட்டார்.

மூக்கைப் பொத்திக்கொண்டு ஓர் உலா

இவரும் முயற்சி செய்யாமல் இல்லை. ஒரு சனிக்கிழமை பின்னேரம், “கடற்கரைப் பக்கம் போட்டு வருவமோ?” என்று கேட்டார். கேட்டது என்னைத்தான். “ஓம், போவம்” என்று சொன்னது மச்சாள், அதாவது இவருடைய அக்கா. பிள்ளைகள் ஓடிப்போய்ச் சப்பாத்துப் போட்டார்கள். மாமி சுண்டல் அவித்து முடிய வருகிறேன் என்றா. கடைசியில் பதினொரு பேரும் தண்டவாளத்தைத் தாண்டி வரிசையாகப் போய்க் கடற்கரைக் கற்களில் இருந்தோம். நான் வரிசையின் இந்த முனை, இவர் அந்த முனை. நடுவில் சுண்டல் சட்டி.

தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைக்கும் அப்படித்தான் போனோம். யானை நாட்டியத்தை எல்லோருமாகப் பார்த்தோம்.

வெள்ளவத்தையிலும் ஒரு வாய்க்கால் உண்டு. காலி வீதிப் பாலத்துக்குக் கீழால் போய்க் கடலில் விழுகிறது. அந்தக் கரைக்கு யாரும் வரமாட்டார்கள் என்று இவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். பேக்கரியில் பாண் வாங்கப் போகிற சாட்டில் ஒரு பின்னேரம் என்னையும் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தார். யாரும் வராததன் காரணம் உடனேயே விளங்கிவிட்டது. நான் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினேன். அவர் கைலேஞ்சியை எடுத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், இருமல்தான் வந்தது. பாணை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டோம்.

இந்தக் கதையைக் கந்தோரில் சொன்னபோது என் பக்கத்து மேசை றீட்டா வயிறு வலிக்கச் சிரித்தாள். அவள் ஹெந்தளைக்காரி. வீட்டில் சிங்களமும் தமிழும் கலந்து பேசுகிற கத்தோலிக்கக் குடும்பம். “அது வாய்க்கால் இல்லையடி, சாக்கடை. எங்கட கெனல் பக்கம் கூட்டிக்கொண்டு போ. கால் நோகாம நடக்கலாம். மனிசரும் இருக்கினம், ஆனா ஒருத்தரும் உங்களைப் பாக்க மாட்டினம்” என்றாள். எந்த பஸ், எங்கே இறங்குவது என்பதையும் அவளே சொன்னாள்.

வானில் இடமில்லை

பஸ்ஸைச் சொல்வது சுலபம், வெளியே போவது அப்படியல்ல. அந்த வருஷங்களில் வெள்ளவத்தையில் ஒரு தமிழ் ஆள் காரணமில்லாமல் வெளியே போவதில்லை. சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி. அடையாள அட்டையை நீட்டினால் முதலில் பார்ப்பது பிறந்த இடத்தை. ‘யாழ்ப்பாணம்’ என்று இருந்தால் அட்டையைத் திருப்பித் தராமல் முகத்தைப் பார்ப்பார்கள். எங்களுக்குக் கீழ் மாடியில் இருந்த ஒரு பெடியன் கடைக்கென்று போனவன், மூன்று கிழமை கழித்து மெலிந்து வந்தான். அவனுடைய தாய் அதற்குப் பிறகு அவனைக் கடைக்கு அனுப்புவதே இல்லை.

எனவே போகிற இடத்துக்கு ஒரு காரணம் வேண்டும். வேலை, ஆஸ்பத்திரி, கோயில், கலியாண வீடு. நடக்கப் போகிறோம் என்பது ஒரு காரணமே இல்லை.

அந்த ஞாயிறு கல்கிசையில் மச்சாளின் சிநேகிதியுடைய மகளுக்குச் சாமத்தியச் சடங்கு. வீட்டில் எல்லோருக்கும் அழைப்பு. காலையில் வான் வந்து நின்றது. மாமி, மச்சாள், மச்சாளின் கணவர், பிள்ளைகள், கனடா போகிறவர்கள் எல்லோரும் ஏறினார்கள். சீர்த் தட்டுகள் ஏறின. கதவைச் சாத்த முடியவில்லை. இன்னும் இரண்டு பேருக்கு இடமில்லை என்று சாரதி சொன்னார். மச்சாளுக்குச் சரியான மனவருத்தம். ஓட்டோ பிடித்துப் பின்னால் வரச் சொன்னா. இவர், “பரவாயில்லை அக்கா, எங்களுக்காகக் காத்து நிக்க வேண்டாம்” என்றார்.

வான் காலி வீதியில் திரும்பும் வரைக்கும் கையைக் காட்டிக்கொண்டு நின்றோம். பிறகு இவர் என்னைப் பார்த்தார்.

“அந்தக் கெனல் எங்கையெண்டு சொன்னனீர்?”

நான் படியேறிப் போய்ச் சேலை மாற்றியது ஐந்து நிமிடத்துக்குள் இருக்கும்.

உடும்பு

இனித் திரும்பவும் வாய்க்கால் கரைக்கு வருகிறேன்.

கொஞ்சத் தூரம் இவர் முன்னாலும் நான் பின்னாலுமாகவே போனோம். இவ்வளவு கஷ்டப்பட்டு வந்த பிறகு என்ன கதைப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. வள்ளத்தில் ஒருவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். அக்கரையில் ஒரு பெண் உடுப்புத் தோய்த்தாள். மீன்கொத்தி ஒன்று கம்பத்திலிருந்து விழுந்து, வெறும் வாயோடு திரும்பி வந்து இருந்தது. இதையெல்லாம் இவர் எனக்குக் கையால் காட்டினார். நான் தலையாட்டினேன்.

அப்போதுதான் பாதையின் குறுக்கே கிடந்த தென்னங்குற்றி எழுந்து நடந்தது.

உடும்பு. வெள்ளவத்தை வாய்க்காலிலும் சிறிதாக ஒன்றிரண்டு பார்த்திருக்கிறேன். இது ஆள் நீளம். தலையைத் தூக்கி, பிளந்த நாக்கை நீட்டி எங்களைப் பார்த்தது. நான் அப்படியே நின்றேன். முன்னால் நின்ற இவரைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தால் என் பின்னால் நிற்கிறார். என் சேலைத் தலைப்பு அவருடைய கையில்.

உடும்புக்கு எங்களில் அக்கறை இருக்கவில்லை. ஆறுதலாகக் கரையிறங்கித் தண்ணீரில் போட்ட கோடு மாதிரிப் போய்விட்டது.

“ஊர்ற சாமான் ஒண்டும் எனக்குச் சரிவராது” என்றார் இவர், தலைப்பை விடாமலே.

நான் சிரிக்கத் தொடங்கினேன். நிறுத்த முடியவில்லை. அவர் கொஞ்ச நேரம் கௌரவமாக நின்று பார்த்தார், பிறகு அவரும் சிரித்தார். உள்ளேயே விக்குகிற மாதிரி ஒரு சிரிப்பு. கலியாணம் முடித்து அவ்வளவு காலமும் அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை. வலை பொத்திய மனிதர் கூடத் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டுத் தானும் சிரித்தார்.

சிரித்தபடியே அடுத்த பாலத்தடிக்கு வந்து சேர்ந்தோம். அங்கே பொலிஸ் நின்றது.

“இங்கே யாரிடம்?”

மண்மூட்டை அடுக்கி, தகரத்தால் அடைத்த ஒரு சிறிய காவலரண். ஒரு சார்ஜன், ஒரு பெண் பொலிஸ். எங்கள் முகத்தில் இன்னும் சிரிப்பு மிச்சமிருந்தது. அது அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அட்டைகளைக் கொடுத்தோம். சார்ஜன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டு பேரும் பிறந்த இடம் யாழ்ப்பாணம். ஒருவரின் விலாசம் வெள்ளவத்தை, மற்றவரின் விலாசம் கொட்டாஞ்சேனை. என் அட்டை இன்னும் பழைய பெயரில், அப்பாவின் பெயரோடு இருந்தது. நாங்கள் கலியாணம் முடித்தவர்கள் என்று சொன்னேன். சிங்களம் எனக்குக் கந்தோரில் வந்த சிங்களம், சரளமாக வரும். இவருடையது பஸ்ஸுக்கும் கடைக்கும் போதுமானது மட்டும்.

சார்ஜன் என் கழுத்தைப் பார்த்தார். சங்கிலி பறிக்கிற காலம் என்று தாலிக்கொடியை மாமி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தா. பள்ளிக்கூடப் பிள்ளை போடுகிற மாதிரி ஒரு மெல்லிய சங்கிலிதான் போட்டிருந்தேன்.

இங்கே யாரிடம் வந்தீர்கள் என்று கேட்டார்.

ஒருவரிடமும் இல்லை என்றேன்.

அப்படியென்றால் எதற்கு?

“நிக்கங் எவிதின்ன” என்றார் இவர், தன் சிங்களத்தில். சும்மா நடக்க.

வெள்ளவத்தையிலிருந்து இரண்டு பஸ் மாறி, மூன்று சாவடி தாண்டி, சும்மா நடக்க. சொல்லி முடித்ததுமே எனக்கு விளங்கிவிட்டது, இதை நானே நம்பமாட்டேன். றீட்டாவின் பெயரைச் சொன்னேன். வீடு எங்கே, இலக்கம் என்ன என்று கேட்டார். தெரியவில்லை. எனக்கு அவளைக் கந்தோர் மேசையில்தான் தெரியும்.

சார்ஜன் அட்டைகளைச் சட்டைப் பையில் போட்டார். அந்தப் பையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, மூன்று கிழமை கழித்து மெலிந்து வந்த கீழ்வீட்டுப் பெடியன்தான் நினைவில் வந்தான். எங்களைத் தேடுவதற்கும் ஆளில்லை. நாங்கள் இங்கே வந்தது ஒருவருக்கும் தெரியாது.

சார்ஜன் இவரைத் தகரத்துக்கு உள்ளே கூட்டிக்கொண்டு போனார். என்னை வெளியே, பூவரச மர நிழலில் கிடந்த பலகை வாங்கில் இருக்கச் சொன்னார்கள். பெண் பொலிஸ் கொப்பியும் பேனையுமாக எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். என்னைவிட வயது குறைவு.

தகரத்துக்கு அந்தப் பக்கம்

புருஷனுக்கு என்ன வேலை, எத்தனை சகோதரம், தகப்பன் இருக்கிறாரா என்று கேட்டாள். இவையெல்லாம் எனக்குத் தெரியும், கலியாணம் பேசும்போது சொல்லியிருந்தார்கள். பிறகு, அவருக்கு என்ன சாப்பாடு பிடிக்கும் என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. வீட்டில் சமைப்பதும் பரிமாறுவதும் மாமி.

ஓய்வு நேரத்தில் என்ன செய்வார்? தெரியாது. குறட்டை விடுவாரா?

“அவர் ஹோலில படுக்கிறவர்” என்றேன். “நான் உள்ளுக்கு, மற்றப் பெண்களோட.”

அவள் பேனையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். கலியாணம் முடித்தவர்கள் என்றுதானே சொன்னாய் என்று கேட்டாள்.

அதற்கு மேல் எனக்கு ஒன்றையும் அடுக்கிச் சொல்லத் தோன்றவில்லை. உள்ளதை அப்படியே சொன்னேன். இரண்டு அறையில் பதினொரு பேர் இருப்பதை, கப்பலை, கனடாவை, சுண்டல் சட்டியை, சாக்கடை ஓரம் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்ததை, இன்று வானில் இடமில்லாமல் போனதை. கடைசியில், “எங்களுக்குக் கதைக்க ஒரு இடமில்லை தங்கச்சி, அதுக்குத்தான் வந்தம்” என்று சிங்களத்தில் சொன்னேன். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. பயத்தில் உடைந்ததா வேறெதிலாவதா என்று தெரியாது.

அப்போதுதான் தகரத்துக்கு உள்ளே நடப்பது எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது.

சார்ஜன் இவரிடம், அவள் உன் மனைவி என்றால் அவளைப் பற்றி ஏதாவது சொல் பார்ப்போம், அட்டையில் இல்லாத ஒன்றைச் சொல் என்றார். இந்த மனிசன் ஒரு நாளைக்கு நாலு சொல் பேசுகிறவர். அதுவும் தமிழில்.

பிறகு ஆரம்பித்தார். ஒவ்வொரு சிங்களச் சொல்லாகத் தேடி எடுத்து வைத்தார்.

தேநீரைச் சூட்டோடு குடிக்கமாட்டா. ஆறவிட்டு, யன்னலடியில் நின்றுதான் குடிப்பா. பேப்பரைப் பின்பக்கத்திலிருந்து வாசிப்பா. மீன் குழம்பு என்றால் நடுத்துண்டை மற்றவர்களுக்கு வைத்துவிட்டு வாலை எடுப்பா. வால்தான் விருப்பம் என்று சொல்லுவா. அது பொய். முள்ளை எடுக்கும்போது அவவின் முகத்தைப் பார்த்தால் தெரியும். காலி வீதியைக் கடக்கும்போது எப்போதும் பிழையான பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பா, அதனால்தான் நான் முன்னால் போகிறேன்.

நான் வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

உடுப்புத் தோய்க்கும்போது, என்று தொடங்கி இவர் நின்றுவிட்டார். அடுத்த சொல்லுக்குச் சிங்களம் தெரியவில்லை. பாட்டா என்று சார்ஜன் கேட்டார். பாட்டு இல்லை, சொல் இல்லை, வாய் மூடியிருக்கும் என்றார் இவர். சார்ஜனுக்கு விளங்கவில்லை.

பிறகு தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு முனகல் கேட்டது. முதலில் அது என்னவென்று பிடிபடவில்லை. சுருதி எங்கோ போனது. ஆனால் மெட்டு என்னுடையது. குளியலறையில் வாளிக்கு முன்னால் குந்தியிருந்து, தண்ணீர் விழுகிற சத்தத்தில் ஒருவருக்கும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு நான் முணுமுணுக்கிற மெட்டு. என் புருஷன், நாலு சொல்லுக்கு மேல் பேசாத மனிசன், ஒரு பொலிஸ்காரருக்கு முன்னால் நின்று அதை முணுமுணுத்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

மிச்சம் எங்கே என்று சார்ஜன் கேட்டார்.

“மிச்சம் எனக்கும் தெரியாது” என்றார் இவர். “ஆராவது வந்தால் நிப்பாட்டிப் போடுவா.”

பெண் பொலிஸ் என் பக்கம் திரும்பி, அப்படியா என்று கேட்டாள். தலையாட்டினேன். கண்ணைத் துடைக்கத் தலைப்பைத் தேடினேன். அவள் எழுந்து தகரத்துக்கு உள்ளே தலையை விட்டு, எல்லாம் சரி சேர், இவர்கள் புருஷன் பெண்சாதிதான் என்றாள். ஆனால் மனைவிக்குத்தான் புருஷனைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றும் சொன்னாள்.

சார்ஜன் வெளியே வந்து அட்டைகளைத் தந்தார். என் அட்டையில் பெயரை மாற்றச் சொன்னார், அடுத்த முறை கலியாணப் பத்திரத்தைக் கையில் கொண்டுவரச் சொன்னார். இவருடைய தோளில் தட்டி, ‘மல்லி’ என்று தம்பி முறை சொல்லிக் கூப்பிட்டு, “அடுத்த பாலத்தடியில நல்ல செவ்விளநீர் இருக்கு. வாங்கிக் குடு” என்றார். பின்னேரம் வரைக்கும் தான்தான் இங்கே காவல், பயப்படாமல் திரும்பி வாருங்கள் என்றும் சொன்னார்.

அவரும் தன் வேலையைத்தான் செய்தார். எல்லாரும் அவரைப் போல அட்டையைத் திருப்பித் தரவில்லை என்பதையும் நான் மறக்கவில்லை. அந்த வருஷங்களில் வேறு வேறு பாலத்தடிகளில் வேறு விதமாக முடிந்த கதைகள் எனக்குத் தெரியும். அவற்றை எழுதுகிற கிழமையில் எழுதுவேன்.

பாலத்துக்கு அப்பால்

கொஞ்சத் தூரம் திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடந்தோம். பிறகு நான் கேட்டேன், இவ்வளவும் எப்படித் தெரியும் என்று.

“எங்கட வீட்டில கதைக்கத்தான் இடமில்லை” என்றார். “பாக்க இடமிருந்தது.”

பாதை அங்கே அகலமாக இருந்தது. பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம்.

மாதக்கணக்காக எனக்குள் வைத்திருந்ததை அப்போது கேட்டேன். அக்கா சொன்னதாலோ இந்தக் கலியாணத்துக்குச் சம்மதிச்சனீங்கள்?

என் போட்டோவைப் பார்த்து ஓம் சொன்னது அக்காதான் என்றார். இவர் அக்காவுக்கு ஒரு முடிவும் சொல்லாமல், ஒரு வெள்ளிக்கிழமை தனியாக ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலடிக்கு வந்திருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் கொட்டாஞ்சேனை அறைப் பெண்கள் நாங்கள் நாலு பேரும் அங்கே போவோம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அன்று நல்ல மழை. கோயில் வாசலில் என் செருப்பு அறுந்துபோனது. நான் மற்றதையும் கழற்றி, இரண்டையும் குடையின் கம்பியில் கொழுவிக்கொண்டு, வெள்ளத்துக்குள்ளால் வெறுங்காலோடு சிரித்துச் சிரித்து நடந்து போய் பஸ் ஏறினேனாம். எனக்கு அப்படி ஒரு நாள் ஞாபகமே இல்லை.

“செருப்பறுந்தால் கரைச்சல்படுற ஆக்களைத்தான் எனக்குத் தெரியும்” என்றார். “வீட்ட போய் அக்காவுக்கு ஓம் எண்டு சொன்னன்.”

செவ்விளநீர்க் கடைக்கு வரும் வரைக்கும் நான் அவரிடம் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தேன். பெண் பொலிஸ் கேட்டதிலிருந்து தொடங்கினேன். குரக்கன் புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் பிடிக்கும். மாமி ஆசையோடு வைக்கிற பாகற்காய் பிடிக்காது, ஆனால் சொன்னதில்லை. சின்ன வயதில் கிணற்றடியில் பூரான் கடித்ததிலிருந்து ஊர்கிறவை எல்லாவற்றுக்கும் பயம். கந்தோரில் மற்றவர்களுக்கு வீடு கீறிக் கொடுத்துவிட்டு, மிச்ச நேரத்தில் எங்களுக்கென்று ஒரு வீட்டைக் கீறிக்கொண்டிருக்கிறார். அதில் கதவுகள் அதிகம். எல்லாக் கதவுக்கும் உள்ளே கொண்டி உண்டு என்றார். நான் இளநீரைக் குடித்துக்கொண்டிருந்தேன், மூக்கால் வந்துவிட்டது.

கடைக்கார அம்மா வழுக்கலான இளநீர் இரண்டைக் கூடவே வெட்டிக் கொடுத்தா. வாய்க்காலில் ஒரு வள்ளம் போனது, அலை வந்து கரையில் மெல்லத் தட்டியது. நாட்டில் சண்டை நடந்துகொண்டிருந்தது, எங்கள் இரண்டு பேரின் ஊரும் சனமில்லாமல் கிடந்தது, நாளைக்கு என்ன நடக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. அந்தக் கடை வாசல் மரப்பலகை வாங்கில் இருந்தபோது எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு இதெல்லாம் தடையாக இருக்கவில்லை. அதை இன்றைக்கும் ஆச்சரியத்தோடுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

திரும்பி வரும்போது சார்ஜன் தூரத்திலிருந்தே கையைக் காட்டி, போகச் சொன்னார்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த வாய்க்கால் கரைக்கு எத்தனையோ முறை போனோம். அடுத்த வருஷம் றீட்டாவின் தாயார் தன் வீட்டுப் பின்பக்கத்தில் இரண்டு சின்ன அறைகளை எங்களுக்கு வாடகைக்குத் தந்தா. எங்கள் மகள் நடை பழகியது அந்த மணல் பாதையில்தான். கனடாவும் ஒரு நாள் கூப்பிட்டது, கூப்பிட வேண்டியவர்களை. அந்த வீட்டுப் படம் படமாகவே இருக்கிறது, ஆனால் இவர் இன்றைக்கும் அதில் ஏதாவது அழித்துக் கீறுவார்.

அடுத்த ஞாயிறு

எல்லாவற்றையும் விட எனக்கு மனதில் நிற்பது, அந்த நாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை.

காலைச் சாப்பாடு முடிந்தது. நான் அறைக்குள் தலை வாரிக்கொண்டிருந்தேன். இவர் ஹோலில் நின்று சேட்டுப் பொத்தானைப் போட்டார். எங்கே போகிறீர்கள் என்று மச்சாள் கேட்டா. ஹெந்தளைப் பக்கம், கெனலடிக்கு என்றார்.

மச்சாளின் முகம் மலர்ந்தது. “நல்லது. பிள்ளையளும் கனநாளா வெளியில போகேல்லை. வான் ஒண்டு பிடிச்சால் எல்லாரும் போகலாம். சித்தப்பாவுக்கும் மாறுதலா இருக்கும்.”

அவ சொல்லி முடிக்க முன்னமே பிள்ளைகள் சப்பாத்தைத் தேடி ஓடிவிட்டார்கள். கனடா போகிற சித்தி தலைமுடியை அவிழ்த்துக் கட்டத் தொடங்கினா. மாமி குசினி வாசலில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. நான் சீப்பைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

“இல்லை அக்கா” என்றார் இவர். “இண்டைக்கு நாங்கள் ரெண்டு பேரும் மட்டும் போறம்.”

குரலை உயர்த்தவில்லை. பொத்தானைப் போட்டபடியேதான் சொன்னார். மச்சாளின் கணவர் பேப்பரை இறக்கிப் பார்த்தார். எனக்கு அறைக்குள்ளிருந்து வெளியே வர வெட்கமாக இருந்தது. மச்சாள் மாமியைப் பார்த்தா. எல்லோரும் மாமியைப் பார்த்தார்கள்.

தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது.

மாமி மகனை ஏற இறங்கப் பார்த்தா. பிறகு அறை வாசலில் பாதி தெரிந்த என்னைப் பார்த்தா. அவவின் முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்து, மெல்லிய சிரிப்பாக வந்தது.

“அப்ப மத்தியானச் சாப்பாட்டுக்கு வரமாட்டியள் என்ன? புட்டுக் கட்டித் தாறன், கொஞ்சம் நிண்டு வாங்கிக்கொண்டு போங்கோ” என்றா.

பிறகு மச்சாள் பக்கம் திரும்பி, மறுபடி தேங்காயைக் கையில் எடுத்தா.

“பிள்ளையளைச் சப்பாத்தைக் கழட்டச் சொல்லு.”